பூத் இறங்கு

சாக்லேட் கடையில் யார் கூப்பிட்டாலும் ஞானஜோதி முதல் தடவையில் திரும்பமாட்டாள். கடைக்காரர் "அக்கா" என்பார், சுற்றுலா வந்தவர்கள் "மேடம்" என்பார்கள். அவள் கைகள் தம்பாட்டுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கும். ஆனால் வளைவுக்குக் கீழே பஸ் உறுமிக்கொண்டு ஏறி, கண்டக்டர் ஈஸ்வரன் படியில் தொங்கியபடி "பூத், பூத், பூத்! பூத் எறங்கு!" என்று கத்தினால் போதும். வகுப்பில் பேர் வாசித்ததும் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி அவள் தலை சட்டென்று நிமிர்ந்துவிடும்.

பள்ளிவாசலிலிருந்து மூணாறுக்கு ஏறுகிற சாலையில் இருக்கிறது அந்த நிறுத்தம். கோபிநாத்தின் சாக்லேட் கடை உண்டு. கம்பியில் தொங்கிக்கொண்டு பள்ளத்தாக்கைத் தாண்டும் சிப்லைன் உண்டு. சுட்ட சோளம் விற்கிற தள்ளுவண்டி உண்டு. பாதிக் கூரையோடு ஒரு வெயிட்டிங் ஷெட்டும் உண்டு. இல்லாதது பூத் ஒன்றுதான்.

தொண்ணூற்றேழில் வந்த டெலிபோன் பூத் அது. ஞானஜோதியின் அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் உருளையில் மாட்டி வலது கை விரல்கள் போயின. அதற்கு ஆறுதல் மாதிரி கிடைத்த லைசென்ஸ். அப்பா ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தார். உள்ளே யாராவது அழுதுகொண்டே பேசினால் வெளியே அவரும் சேர்ந்து அழுதுவிடுவார். அதோடு "நமக்கு இது ஒத்துவராது தாயி" என்று இருபத்துமூன்று வயது மகளை உட்காரவைத்துவிட்டார். அதன் பிறகு பன்னிரண்டு வருஷம், கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் ஞானஜோதி. மலையில் யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும், யாருடைய தகப்பனார் ஊரில் கண்ணை மூடினாலும், யாருக்கு யார் மேல் கண் விழுந்தாலும், முதலில் தெரிந்துகொண்டது அவள்தான். ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. அதனாலேயே அவளைப் பார்த்தால் இன்றைக்கும் சிலருக்கு நடை கொஞ்சம் வேகமாகிவிடும்.

எல்லார் சட்டைப் பையிலும் ஆளுக்கொரு போன் வந்த பிறகு பூத்தை மூடினாள். பெட்டியில் சில காலம் யாரோ கோழி வளர்த்தார்கள். சாலையை அகலப்படுத்தியபோது பெட்டியும் போயிற்று, பெட்டி இருந்த மேடும் போயிற்று. பேர் மட்டும் போக மறுத்துவிட்டது. ஈஸ்வரன் தன் ஆயுளில் அந்த பூத்தில் ஒரு போன் பேசியதில்லை. அவனுக்கு முன்னால் இருந்த கண்டக்டர் கத்தினார், அவன் கத்துகிறான்.

ஒரு சாயங்காலம் வேலுத்தாய் கடைக்குள் வந்து கல்லாவுக்கு எதிரே தொப்பென்று உட்கார்ந்தாள். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு மேற்பார்வை அவள். ஞானஜோதிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி.

"ஏ ஜோதி, ஒன்னால எஸ்டேட்டுல பெரிய பிரச்சன ஆகிப்போச்சுட்டி."

"நான் என்னத்தச் செஞ்சேன்? காலையில இருந்து முந்திரிப்பருப்பு சாக்லேட்டு மடிச்சிட்டிருக்கேன்."

"நீ ஒண்ணும் செய்யல. ஒம் பூத்து செய்யுது."

விஷயம் இதுதான். மூன்று மாசத்துக்கு முன்னால் ஜார்க்கண்டிலிருந்து பதினெட்டுப் பேர் வேலைக்கு வந்து கீழ் லயத்து வரிசை வீடுகளில் தங்கியிருந்தார்கள். நல்ல வேலைக்காரர்கள். ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இந்த நிறுத்தத்தில் ஒருத்தரும் நிற்பதில்லை. சந்தைக்குப் போய் வந்தாலும் அடுத்த நிறுத்தம் வரை போய் இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்து வருகிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்கள். கடைசியில் இந்தி தெரிந்த கிளார்க் ஒருத்தர் கேட்டுச் சொல்லியிருக்கிறார்.

"இந்தியில பூத்துன்னா என்ன தெரியுமா?"

"என்ன?"

"பேயாம்டி."

ஞானஜோதி கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தாள். மனசுக்குள் ஒரு தடவை ஈஸ்வரன் கத்துவதை ஓட்டிப் பார்த்தாள். பேய், பேய், பேய்! பேய் எறங்கு! அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், கல்லாவைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

"சிரிக்காத. இன்னமும் இருக்கு. வந்த அன்னைக்கு பஸ்ஸுல ஈஸ்வரன் அப்படிக் கத்தவும், வழியில மூணு பொம்பளைக எந்திரிச்சு எறங்கிப் போனாங்களாம். அதுல ஒருத்தி ஒசரமா, நரச்ச தலையா, கறுப்புக் கொடையோட இருந்தாளாம்."

ஞானஜோதிக்குச் சிரிப்பு நின்றது. ஊரில் கறுப்புக் குடையோடு உயரமாக இருப்பவள் அவள் ஒருத்திதான்.

"நானாட்டி பேயி?"

"அத நான் எப்படிச் சொல்ல? ஒன் வீட்டுக்காரர்ட்டதான் கேக்கணும்."

வீட்டுக்காரர் ஏசுதாஸ் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டுகிறார். அந்தக் காலத்தில் எஸ்டேட் லாரியில் கிளீனர். கோவில்பட்டியில் ஓர் அத்தை இருப்பதாகச் சொல்லி, மூன்று மாசம் தினமும் பூத்துக்கு வந்து நம்பர் போடுவார். ஒரு நாளும் யாரும் எடுத்ததில்லை. "அத்தை வயலுக்குப் போயிருப்பா" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அந்த நம்பரில் ஓர் இலக்கம் குறைவு என்பது ஞானஜோதிக்கு முதல் நாளே தெரியும். அதைச் சொல்லாததால்தான் கல்யாணம் நடந்தது.

அன்றைக்கு வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் ஏசுதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு இந்தி தெரியும்லா. ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சதும் போவோம். அஞ்சு நிமிசத்துல வெளக்கிருதேன்."

ஏசுதாஸின் இந்தி ஜீப்பில் வந்தவர்களிடம் கற்றது. சூரிய அஸ்தமனம், அருவி, யானை, எவ்வளவு, இங்கே போட்டோ எடுக்கலாம், வாந்தி வந்தால் சொல்லுங்கள். இவ்வளவுக்குள் அடங்குகிற எந்த விஷயத்தையும் அவர் பிரமாதமாகப் பேசுவார். டெலிபோன் பூத் அதற்குள் அடங்கவில்லை.

கீழ் லயத்து முற்றத்தில் பதினெட்டுப் பேரும் வரிசையாகக் குத்தவைத்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் புத்னி என்று ஒரு பெண், முப்பது வயது இருக்கும், கண் கொட்டாமல் பார்த்தாள். ஏசுதாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அவர் சொன்ன இந்தியைத் தமிழில் சொன்னால் கிட்டத்தட்ட இப்படி வரும்:

"பூத் நல்லது. பயம் இல்லை. சின்ன அறை. கண்ணாடி. உள்ளே விளக்கு சிவப்பு. வாசலில் ஒரு பெண். சாயங்காலம் எல்லாரும் வருவார்கள். உள்ளே போவார்கள். பேசுவார்கள். ஆள் கிடையாது! குரல் மட்டும் வரும். தூரத்திலிருந்து வரும். செத்த செய்தி வரும். எல்லாரும் அழுவார்கள். பிறகு போய்விடுவார்கள்."

முற்றத்தில் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. ஏசுதாஸுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காதில் வைத்துக்கொண்டு, "போன்! போன்ல வரும்!" என்றார்.

அதுவரைக்கும் ஓரளவு தைரியமாக இருந்த ஓர் ஆள் தன் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்துத் தரையில் வைத்தார்.

பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். அந்த அறை இப்போது எங்கே? இல்லை, உடைத்தாயிற்று என்று ஏசுதாஸ் கையை விரித்தார். அந்தப் பெண்? ஏசுதாஸ் பெருமையோடு திரும்பி, பக்கத்தில் வெள்ளைப் புடவையும் கறுப்புக் குடையுமாக நின்ற மனைவியின் தோளில் கை வைத்தார்.

"இவங்கதான்! என் சம்சாரம்!"

பதினெட்டுப் பேரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

திரும்பி வருகிற வழியில் ஞானஜோதி முன்னால் வேகமாக நடந்தாள். ஏசுதாஸ் பேசிக்கொண்டே பின்னால் வந்தார். "நல்லாப் புரிஞ்சுக்கிட்டாங்க, இல்ல?"

எவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்பது மறுநாளே தெரிந்தது. லயத்தில் போனுக்கு ரேஞ்ச் கிடையாது. நிறுத்தத்தில்தான் நாலு கோடு காட்டும். இதுவரை பகலிலாவது ஷெட்டில் நின்று ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தவர்கள், பேய் போன் வழியாக வருகிறது என்று தெரிந்த பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். சாலைக்கு மேலே, மலையை வெட்டிய இடத்தின் உச்சியில், ஒரு வழுக்குப் பாறை. அங்கேயும் கொஞ்சம் ரேஞ்ச் உண்டு. ஒவ்வொருத்தராக அதன் மேல் ஏறி நின்று பேச ஆரம்பித்தார்கள். கீழே நாலாள் உயரத்துக்குச் செங்குத்தான வெட்டு.

"நீங்க ரெண்டு பேரும் போயி வெளக்குனதுக்கு, ஈஸ்வரனையே மந்திரிச்சு விட்டுருக்கலாம்" என்றாள் வேலுத்தாய்.

ஞானஜோதிக்கு அது வேடிக்கையாக இல்லை. கடையில் நின்றால் நேர் எதிரே அந்தப் பாறைதான் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் அங்கே ஓர் உருவம் காதில் கையை வைத்துக்கொண்டு ஓரத்துக்கு நகரும்போது அவள் கையில் பொட்டலம் பாதியில் நிற்கும். வார்டு மெம்பர் ஜெஸ்னாவுக்கு அவளே போன் பண்ணிச் சொன்னாள்.

ஜெஸ்னா அடிமாலிப் பக்கத்துப் பெண், சுறுசுறுப்பானவள். மறுநாளே ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

"சேச்சி, காரியம் சிம்பிள். ஷெட்டை ரிப்பேர் பண்ண ஏற்கெனவே பாஸ் ஆகியிருக்கு. புதுப் பேர் எழுதிடலாம். பூத்னு ஒண்ணு இல்லவே இல்லையே. இல்லாததுக்கு எதுக்குப் பேர்?"

"அதானே" என்றாள் ஞானஜோதி. கண் மட்டும் பஸ் ஏறி வருகிற வளைவுக்குப் போயிற்று.

கோபிநாத் கடையிலிருந்து பாய்ந்து வந்தார். "சாக்லேட் ஜங்ஷன்! மெம்பர், நான் நாலு வருசமாச் சொல்லிட்டிருக்கேன். பெயின்ட் எல்லாம் நானே வாங்கித் தாரேன்."

சிப்லைன்காரர்கள் அட்வெஞ்சர் பாயின்ட் என்றார்கள். சோளக்காரர் தன் பேரைச் சொன்னார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். வேலுத்தாய் மட்டும், "பூத்துன்னே இருக்கட்டும். நான் எங்க அப்பா செத்த சேதி கேட்டது அங்கதான்" என்றாள்.

"சேச்சி, அது எங்க இருந்துச்சு? கரெக்டா?" என்று ஜெஸ்னா கேட்டாள். அங்கேதான் வந்தது வினை.

வேலுத்தாய் சோள வண்டியைக் காட்டினாள். கோபிநாத் தன் கடையின் கழிப்பறை இருக்கும் இடம் என்றார். வயசான ஒருவர் சிப்லைன் டிக்கெட் கவுன்ட்டர் என்று சத்தியம் பண்ணினார். பஸ்ஸை நிறுத்திவிட்டு ஈஸ்வரனும் இறங்கி வந்து, தான் பார்க்காத பூத்துக்கு ஓர் இடம் காட்டினான். ஏசுதாஸ் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு, "நான் மூணு மாசம் தெனமும் வந்த எடம், எனக்குத் தெரியாதா?" என்று சாலையின் நடுவில் போய் நின்றார். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது.

"கோபி, நீயாவது ஒழுங்கா யோசி" என்றாள் ஞானஜோதி. "ரெண்டாயிரத்து மூணுல வாரத்துக்கு ரெண்டு தடவ தேவாரத்துக்குப் பேசினியே, அப்ப எங்க நின்ன?"

கோபிநாத்தின் மனைவி போடிக்காரி. தேவாரம் என்கிற ஊரில் அவளுக்குச் சொந்தம் யாரும் இல்லை. கோபிநாத் அதன் பிறகு கழிப்பறையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கடைசியில் ஞானஜோதியே இறங்கினாள். இடத்துக்கு அடையாளம் அவள் கண்ணில் இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தால் எதிரே, பள்ளத்தாக்குக்கு அப்பால், பவர் ஹவுஸுக்குத் தண்ணீர் இறங்குகிற பெரிய குழாய்கள் ஒரு மொட்டைப் பாறையின் உச்சியைத் தொட்டாற்போல் தெரியும். பன்னிரண்டு வருஷம் பார்த்த காட்சி. அவள் சாலையோரமாக நடந்தாள். குழாய்கள் தெரிந்தன, பாறையும் தெரிந்தது, ஆனால் குழாய்களின் கீழ்ப்பாதி பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. இடது பக்கம் போனாள், வலது பக்கம் போனாள். குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். கடையிலிருந்து ஸ்டூலைக் கொண்டுவரச் சொல்லி அதன் மேல் ஏறினாள். குழாய்கள் கொஞ்சம் எட்டிப் பார்த்தன. அவ்வளவுதான்.

அப்போதுதான் விளங்கியது. மேட்டை வெட்டிச் சாலையைத் தாழ்த்திவிட்டார்கள். அவள் உட்கார்ந்திருந்த இடம் மண்ணோடு போய்விட்டது. இப்போது அது சாலைக்கு மேலே, இரண்டாள் உயரத்தில், வெறும் காற்று.

ஏசுதாஸ் அண்ணாந்து பார்த்தார். அந்த இடத்தில் மின்கம்பி ஒன்று குறுக்கே போனது, அதில் ஒரு காக்கை.

"அதோ, ஒன் ஸ்டூலு. காக்கா ஒக்காந்திருக்கு பாரு" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். ஞானஜோதியும் சிரித்துக்கொண்டே ஸ்டூலிலிருந்து இறங்கினாள். "அந்தரத்துல பூத்துன்னா அவுக பயந்தது சரிதான்" என்று வேலுத்தாய் சொன்னதற்கும் சிரித்தாள். கடைக்குள் போனதும் முந்திரிச் சாக்லேட்டை எல்லாம் திராட்சைப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். கோபிநாத் பார்த்தார், தானே எடுத்து மாற்றி அடுக்கினார். தேவாரம் இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

ஒரே வாரத்தில் ஷெட்டுக்கு முழுக்கூரை வந்தது. நெற்றியில் மலையாளத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் 'சாக்லேட் ஜங்ஷன்' என்று காபி நிறத்தில் எழுதினார்கள். ஈஸ்வரன் மெம்பர் சொன்னதை மதிக்கிற ஆள். முதல் நாள் காலை, பஸ் வளைவில் ஏறியதும், "சாக்லேட், சாக்லேட், சாக்லேட்! சாக்லேட் எறங்கு!" என்றான். பஸ்ஸில் பள்ளிக்கூடச் சுற்றுலாவாக வந்த முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். முப்பதும் படிக்குப் பாய்ந்தன. டீச்சர்மார் இழுத்துப் பிடித்து உட்காரவைப்பதற்குள் இரண்டு பிள்ளைகள் கோபிநாத் கடைக்குள் இருந்தன. சாயங்கால ட்ரிப்பில் ஈஸ்வரன் யாரையும் கேட்காமல் பழையபடி "பூத்" என்று போட்டுவிட்டான்.

பலகை மாறியது, பாறை மேல் ஏறுவது மாறவில்லை.

ஜூன் கடைசியில் மழை பிடித்தது. ஒரு நாள் நாலு மணி சுமாருக்குப் பனியும் மழையுமாக எதிர்ப்புறம் மறைந்து மறைந்து தெரிந்தது. கடையில் ஆள் இல்லை. ஞானஜோதி கண்ணாடி வழியே பார்த்தாள். பாறை மேல் நீலப் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போர்த்திக்கொண்டு ஒரு பெண். போனைக் காதில் வைப்பாள், எடுத்துப் பார்ப்பாள், துடைப்பாள், இன்னும் ஓரடி ஓரத்துக்கு வருவாள். காலுக்கடியில் சிவப்பு மண் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

"ஏ பிள்ள! பின்னால போ! பின்னால!"

மழையில் கேட்கவில்லை. ஞானஜோதி குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஐம்பத்தொரு வயதில், பக்கத்துப் படிக்கட்டு வழியாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மேட்டில் ஏறினாள். மூச்சிரைக்கப் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தபோது, அது புத்னி என்று தெரிந்தது. புத்னிக்கும் இவள் யார் என்று தெரிந்தது. மழை, பனி, உயரமான உருவம், கறுப்புக் குடை. அவள் முகம் போன போக்கைப் பார்த்து ஞானஜோதிக்கே தன் மேல் பயம் வந்தது.

வேலுத்தாயிடம் கேட்டு வைத்திருந்த இரண்டே இரண்டு இந்தி வார்த்தைகள் நினைவுக்கு வந்தன.

"பூத் நஹி" என்றாள். "பூத் நஹி தாயி. வா."

பேய் இல்லை என்று சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான், பூத் இல்லை என்பதையும் தன் வாயால் தானே முதல் தடவையாகச் சொல்லியிருக்கிறோம் என்று உறைத்தது. அதற்கெல்லாம் நேரமில்லை. புத்னியின் கையை விடாமல் கீழே இறக்கி, சாலையைத் தாண்டி, ஷெட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். தன் முந்தானையால் அவள் தலையைத் துவட்டினாள். பேய்க்குக் கை சூடாக இருக்காது என்று நினைத்தாளோ என்னவோ, புத்னி கொஞ்சம் நிதானமானாள்.

"பேசு. இங்க நல்லாக் கிடைக்கும்" என்று போனைக் காட்டினாள் ஞானஜோதி.

புத்னி தயங்கித் தயங்கி நம்பரைத் தொட்டாள். அவள் காதில் வைத்ததும் ஞானஜோதி தன்னையறியாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு சாலையைப் பார்க்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு வருஷம் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள், காதைத் திறந்துவைத்து முகத்தை மூடிக்கொண்டு. பேச்சு ஒரு சொல்கூடப் புரியவில்லை. இருந்தும் எல்லாம் தெரிந்தது. அந்தப் பக்கம் அம்மா. மழை பெய்கிறதா என்று கேட்கிறாள். இல்லை, நான் வீட்டுக்குள்தான் இருக்கிறேன் என்று இவள் பொய் சொல்கிறாள். சாப்பிட்டாயா? சாப்பிட்டேன். அதுவும் பொய். பிறகு குரல் குழைந்தது. ஏதோ குழந்தை போனை வாங்கியிருக்கிறது.

திடீரென்று தொடர்பு அறுந்தது. புத்னி பதறி மறுபடி மறுபடி அழுத்தினாள்.

ஞானஜோதி திரும்பாமலே கையை உயர்த்தினாள். "இரு, இரு. ஒடனே போடாத. ரெண்டு நிமிசம் விட்டுப் போடு, லைன் கிடைக்கும்." சொல்லிவிட்டு இல்லாத மீட்டரைப் பார்ப்பது போல் தலையை வலது பக்கம் சாய்த்தாள்.

புத்னி அழுத்துவதை நிறுத்தினாள். இந்தப் பெண்ணின் திரும்பிய முதுகு, உயர்த்திய கை, காத்திரு என்கிற அந்தச் சாடை. அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். சின்ன வயசில், அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, சந்தைக்கடுத்த தெருவில், பஞ்சாபுக்குச் செங்கல் சூளை வேலைக்குப் போன சித்தப்பாவிடம் பேசுவதற்காக வரிசையில் நின்றபோது. அங்கேயும் ஒருத்தர் இப்படித்தான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"தீதி" என்றாள். இந்தியில் அது அக்கா. "தீதி... எஸ்.டி.டி.?"

ஞானஜோதி திரும்பினாள்.

"எஸ்.டி.டி. பூத்?" என்று புத்னி விரலால் காற்றில் ஒரு பெட்டி வரைந்தாள். மஞ்சள் பலகை, கண்ணாடிக் கதவு, உள்ளே சிவப்பாக ஓடுகிற எண்கள்.

"ஆமா! ஆமாட்டி! எஸ்.டி.டி.! ஐ.எஸ்.டி.! பி.சி.ஓ.!"

இரண்டு பேரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முற்றத்தில் கூட்டம் கூட்டி, கண்ணாடி, விளக்கு, குரல், சாவு என்று அத்தனையும் விளக்கிய மனுஷன் இந்த மூன்று எழுத்தைச் சொல்லியிருந்தால் போதும். அது இந்தியிலும் எஸ்.டி.டி.தான். இன்றைக்கு வீட்டுக்குப் போய் அவரை எப்படிக் கேட்பது என்று ஞானஜோதி அப்போதே வார்த்தைகளைக் கோக்க ஆரம்பித்துவிட்டாள்.

போன் அடித்தது. இந்தத் தடவை படத்தோடு வந்தது. புத்னி ஏதோ வேகமாகச் சொல்லி, சிரித்து, போனை ஞானஜோதியின் பக்கம் திருப்பினாள். திரையில் ஒரு மண் சுவர், நரைத்த தலை ஒன்று, அதன் தோளில் தொங்குகிற ஒரு பெண் குழந்தை.

ஞானஜோதி பின்வாங்கினாள். எத்தனையோ ஆயிரம் பேர் அவளுக்கு முன்னால் பேசியிருக்கிறார்கள். நடுவில் ஒரு வார்த்தை அவள் புகுந்ததில்லை. அடுத்தவர் போனில் பேசுவது அவள் தொழிலில் பாவம். ஆனால் அந்தக் கிழவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையையே பார்த்துக் காத்திருந்தாள்.

"சாப்ட்டீங்களா?" என்றாள் ஞானஜோதி, சத்தமாக. தூரத்து லைனுக்குச் சத்தமாகத்தான் பேசவேண்டும் என்று அவளுக்கு ஒரு பழக்கம்.

கிழவி அதற்கு நீளமாக ஒரு பதில் சொன்னாள். ஞானஜோதி தலையை ஆட்டினாள். "அப்படியா? சரி சரி. பிள்ள நல்லா இருக்கா. நான் பாத்துக்கிடுதேன். மழதான் கொஞ்சம் சாஸ்தி." கிழவியும் தலையை ஆட்டினாள். குழந்தை திரையில் கையை வைத்து இரண்டு பேரையும் மறைத்தது.

அன்றைக்கு ஏசுதாஸ் வீட்டுக்கு வந்ததும் எஸ்.டி.டி. விஷயத்தைக் கேட்டு வெகுநேரம் தாடையைத் தடவினார். "அது இங்கிலீசு. நான் சுத்தமான இந்தியில பேசணும்னு பாத்தேன்" என்றார்.

புத்னி லயத்தில் போய் அவர்கள் பாஷையிலேயே சொன்னதால் ஒரே நிமிஷத்தில் எல்லாருக்கும் புரிந்தது. அடுத்த நாளிலிருந்து பாறை காலி. சாயங்காலமானால் ஷெட்டில் ஏழெட்டுப் பேர். பஸ்ஸில் வந்தால் ஈஸ்வரனுக்கு முன்னாலேயே அவர்கள் "பூத், பூத்" என்று கத்திவிட்டுச் சிரிக்கிறார்கள். சாக்லேட் ஜங்ஷன் என்று கோபிநாத்தைத் தவிர யாரும் சொல்வதில்லை. ஞானஜோதிக்கு 'பூத் தீதி' என்று பேராகிவிட்டது. அதை அவர்கள் எந்த அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்று ஏசுதாஸ் இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்கிறார். இருபத்தாறு வருஷ அனுபவத்தில் தனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு என்கிறார். குடை கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும்போது மட்டும்.

போன வாரம் ஷெட்டில் ஒரு சச்சரவு. நாலு கோடு காட்டுவது தெற்கு மூலையில் மட்டும்தான். அந்த மூலைக்கு இரண்டு பேர் ஒரே சமயத்தில் தோளை முட்டினார்கள். ஞானஜோதி கடையிலிருந்து பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நடந்து போனாள்.

"வரிசை! வரிசையா நில்லுங்க! நீ மொதல்ல வந்தியா? நீ அவளுக்குப் பின்னால. அங்கிட்டு நிக்கவங்க முதுகத் திருப்புங்க, அடுத்தவங்க பேசுதத எதுக்குப் பாக்கணும்?"

தமிழில்தான் சொன்னாள். எல்லாரும் வரிசையில் நின்றார்கள்.

கோபிநாத் கடை வாசலில் வந்து நின்றார். "அக்கா, ரெண்டு கார் வந்து நிக்கிது. கடைய யாரு பாக்கறது?"

"நிக்கட்டும்" என்றாள் ஞானஜோதி, திரும்பாமலே. "இந்தப் பொண்ணுக்கு இன்னும் லைன் கிடைக்கல."